அறுபத்திரண்டு காட்டுப்பூவரசுகள்

பிப்ரவரி 8

ஆபீஸுக்கு எழுதுற டைரி தனி. "ரோந்து ஏழு கிலோமீட்டர், தடயம் ஏதுமில்லை"ன்னு ரெண்டு வரியில அதை முடிச்சிடலாம். இது எனக்கு. மனசுல இருக்கறதை எங்கயாவது கொட்டணுமே. இந்தக் குவாட்டர்ஸ்ல இருக்கறது நானும் ஒரு பல்லியும்தான். வீட்டுக்காரரும் மகளும் திண்டுக்கல்லுல. மகளுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ பரீட்சை, அம்மாவுக்கு மலையில புல்லு அறுக்கிற வேலை. நல்லா இருக்கு எங்க பொழப்பு.

தூமானப்பாறை பீட்டுக்கு வனக்காப்பாளரா வந்து நாலு வருஷம் ஆச்சு. மலை முதுகு பூரா புல்வெளி, மடிப்புகள்ல சோலை. மேற்கு ஓரத்துல தீத்தடுப்புக் கோடு. இருபதடி அகலத்துக்குப் புல்லை அறுத்து, நடுவுல கூட்டி, காயவிட்டு எரிக்கணும். அப்பதான் கோடையில எஸ்டேட் பக்கமிருந்து தீ வந்தாலும் தின்ன ஒண்ணும் கிடைக்காம அங்கயே நிக்கும். எரிக்கிறதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. ஓரத்துப் புல்லுல பனி ஈரம் இருக்கும்போதே வெச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள அணைச்சிடணும். அப்புறம் மூணு நாள் காவல். சாம்பல்ல புறங்கையை வெச்சு வெச்சுப் பாத்துக்கிட்டே கோடு முழுக்க நடக்கணும்.

இதெல்லாம் பொம்மண்ணன் வெச்ச சட்டம். ஈஞ்சோடையில இருக்கிற பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவர், வருஷத்துல நாலு மாசம் எங்களுக்குத் தீக்காவலர். என்னைவிட பத்து வயசு மூத்தவர். கோடு வேலையில நான்தான் அதிகாரி, ஆனா அவர் சொன்னாத்தான் தீக்குச்சி உரசுவோம். இந்த வருஷம் ஆள் கிடைக்காம வேலை ஒரு மாசம் தள்ளிப் போச்சு. பனி குறைஞ்சுட்டே வருதுன்னு அவர் முணுமுணுத்துட்டே இருக்கார்.

பிப்ரவரி 11

கோடு முடிஞ்சுது. நாளைக்குப் பெரிய ஆபீஸர் வர்றார்னு ரேஞ்சர் சார் காலைல பத்து மணிக்குத்தான் போன் பண்றார். பொம்மண்ணன் மச்சினன் வீட்டுச் சாவுக்குப் போயிருக்கார். மிச்சம் இருந்த இருநூறு அடியை நானே பாத்துக்கிட்டேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது.

பிப்ரவரி 12

பெரிய ஆபீஸர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. அரை கிலோமீட்டர் தூரத்துலயிருந்து பைனாகுலர் வெச்சுக் கோட்டைப் பாத்தார், "குட்"னார். அப்புறம் நாட்டுக்கோழிக் குழம்பு. காலைல அஞ்சு மணியிலிருந்து அடுப்படியிலதான் நின்னேன். வனக்காப்பாளர் தேர்வுக்கு பதினாறு கிலோமீட்டர் நடக்க வெச்சாங்களே, அதுக்குப் பதிலா சமைக்கத் தெரியுமான்னு கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 13

ரேஷன் வாங்கக் கீழ போனேன். வர சாயங்காலம் ஆயிடுச்சு. காத்து பலமா இருக்கு.

பிப்ரவரி 14

தீ.

பிப்ரவரி 17

மூணு நாள் கழிச்சு இப்பதான் பேனாவைத் தொடுறேன். கண்ணு இன்னும் எரியுது. குளிச்சாலும் தலைமுடியில புகை வாசம் போக மாட்டேங்குது.

பதினாலாம் தேதி மத்தியானம் ஒண்ணரைக்குப் புகையைப் பாத்தது ஈஞ்சோடைப் பொம்பளைங்க. நான் போறதுக்குள்ள தீ மலை முதுகுல பாதியை முடிச்சிருந்துது. புல்லுல அது ஓடுறப்போ ஒரு சத்தம் வரும், பெரிய துணியைக் கிழிக்கிற மாதிரி. அதுக்கும் பயப்படல. வாட்டில் மரம் நிக்கிற இடத்துக்கு வந்ததும்தான் பயந்தேன். என்னைக்கோ டிபார்ட்மெண்டே கொண்டுவந்து நட்ட சீமை மரம். அடியில முழங்கால் அளவுக்குச் சருகு. அதுல ஏறினதும் தீ என்னைவிட நாலு மடங்கு உசரத்துக்குப் போச்சு.

பொம்மண்ணன் சாவு வீட்டுலயிருந்து ஓடிவந்து, வந்த வேட்டியோட தழையை ஒடிச்சு அடிச்சார். ரெண்டு நாள். சோலை ஓரத்துல நின்னு, தீ வர்ற வழியில இருந்த புல்லை முந்தியே எரிச்சு, எதிர்த்தீ வெச்சு அவர்தான் நிறுத்தினார். முந்நூறு ஏக்கர் புல்வெளி போச்சு, சோலையில ஓர மரங்கள் கருகிடுச்சு. உயிர்ச் சேதம் இல்லை. அது ஒண்ணுதான் ஆறுதல்.

பிப்ரவரி 19

ரேஞ்சர் சார் வந்தார். எங்க ஆரம்பிச்சதுன்னு கேட்டார். தெரியலைன்னேன். எஸ்டேட் பக்கம் எதுவும் எரியலை, அப்ப வெளியிலயிருந்து வரலை, அப்ப உள்ளயிருந்துதான்னு விரல் விட்டுச் சொன்னார். விரல் முடியற இடத்துல பொம்மண்ணன் பேரு.

காரணம் இல்லாம இல்லை. மலை முதுகுக்குக் கிழக்குக் கோடியில ஈஞ்சுச் சரிவு இருக்கு. ஈஞ்சுன்னா குட்டையா வளர்ற பேரீச்சை மாதிரி செடி, அதுலதான் ஈஞ்சோடைக்காரங்க விளக்குமாறு கட்டி விக்கிறாங்க. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி, பனி கொட்டுற காலத்துல, அந்தச் சரிவுல லேசாத் தீ வெப்பாங்க. அப்பதான் புது ஓலை நீளமா வரும். சட்டப்படி குத்தம். எனக்கும் தெரியும், எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் தெரியும். காலைல வெச்சா பத்து மணிக்குத் தானா அவிஞ்சிடும், அதனால யாரும் கண்டுக்கறதில்லை. இப்போ அதையே பிடிச்சுக்கிட்டாங்க.

"பெரிய தீ பிடிச்சா ஒரு ஆளு வேணும்லம்மா"ன்னு ரேஞ்சர் சார் சொன்னார். பொம்மண்ணனை வேலையிலயிருந்து நிறுத்தியாச்சு. தினமும் பதினாலு கிலோமீட்டர் இறங்கி ரேஞ்ச் ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும். மார்ச் கடைசிக்குள்ள அறிக்கை, அப்புறம் கேஸ்.

ரேஞ்சர் சாருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 24

தண்ணி மோட்டார் ரிப்பேர். காட்டுமாடு வேலியை மிதிச்சுட்டுப் போயிருக்கு. மகள் போன் பண்ணினா, கெமிஸ்ட்ரி பயமா இருக்குன்னா. தப்பா எழுதிட்டா என்னம்மா பண்றதுன்னு கேட்டா. அடிச்சிட்டுத் திருத்தி எழுதுடின்னு சொன்னேன்.

மார்ச் 3

திருச்சியில ஒரு காலேஜ்லயிருந்து டாக்டர் மெஹருன்னிசான்னு ஒரு மேடம் வந்திருக்காங்க. ஊசி போடுற டாக்டர் இல்லை, செடிகொடிக்கு. இந்த மலையில எப்பெப்போ தீ வந்துது, வந்தப்புறம் எந்தச் செடி போச்சு, எது வந்துதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க. போன வருஷமே அனுமதி வாங்கி வெச்சது, இப்ப வந்து பாத்தா மலையே கருகிக் கிடக்கு. வருத்தப்படுவாங்கன்னு பாத்தா, கண்ணு பளபளங்குது. வெந்த புண்ணைப் பாத்துச் சந்தோஷப்படுற ஒரே ஜாதி இந்த ஆராய்ச்சிக்காரங்கதான்.

கூட இருந்து உதவி பண்ணச் சொல்லி எனக்கு ஆர்டர். பக்கத்து அறையைக் கூட்டிக் கொடுத்தேன். நோன்பு வேற வெச்சிருக்காங்க. தண்ணிகூடக் குடிக்காம இந்த மலை ஏறுவீங்களான்னு கேட்டா, "பழக்கம்தான்க்கா"ன்னு சிரிக்கிறாங்க. மயங்கி விழுந்தா நான்தானே தூக்கிட்டு இறங்கணும்.

மார்ச் 6

சேத்துப் பள்ளத்துல வேலை. மேடம் ஒரு நீளமான குழாயைச் சேத்துல இறக்கி, திருகி, வெளிய இழுத்தாங்க. இழுத்தது நானு. குழாய்க்குள்ள மண்ணு அப்படியே உருளையா வந்துது. பழுப்பு நிறம், நடுநடுவுல மெல்லிசாக் கறுப்புக் கோடு.

ஒவ்வொரு கறுப்புக் கோடும் ஒரு காலத்துத் தீயாம். சாம்பலும் கரியும் மழையில அடிச்சுட்டு வந்து பள்ளத்துல படிஞ்சது. அடி மண்ணு ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தினதாம். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கிற மகரந்தத்தை மைக்ராஸ்கோப்புல பாத்தா, அந்தத் தீக்கு அப்புறம் புல்லு வந்துதா, மரம் வந்துதான்னு சொல்லிடலாமாம். நான் எண்ணிப் பாத்தேன். ஒரு குழாயில மட்டும் பதினேழு கோடு.

எனக்கு நெஞ்சுல பாரம் இறங்கின மாதிரி இருந்துது. அப்ப இந்த மலைக்குத் தீ ஒண்ணும் புதுசு இல்லை, எத்தனையோ வந்து போயிருக்கு, இதுவும் ஒரு கோடா உள்ள போய்ப் படிஞ்சிடும்னு மேடம்கிட்டச் சொன்னேன். அவங்க உடனே மறுத்துட்டாங்க. பழைய கோடுகள் மெல்லிசு, புல்லு மட்டும் எரிஞ்ச தீ. சோலை பொழைச்சுக்கும், புல்லு மறுபடி துளிர்க்கும். வாட்டில் வந்தப்புறம் எரியற தீ வேற மாதிரி, வேரையே வேக வெச்சிடும். தீ வந்துதாங்கிறது கேள்வியே இல்லை, எந்த மாசம் வந்துது, எந்த நேரத்துல வந்துது, எதைத் தின்னுதுங்கிறதுதான் கேள்வின்னாங்க.

எந்த நேரத்துலன்னு அவங்க சொன்னப்போ நான் குழாயைக் கழுவப் போயிட்டேன்.

சாயங்காலம் நோன்பு துறக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தாங்க. நான் கஞ்சி வெச்சுக் கொடுத்தேன். பூண்டு தூக்கலா இருக்குன்னு குறை சொல்லிக்கிட்டே ரெண்டு கிண்ணம் குடிச்சாங்க.

மார்ச் 10

இன்னைக்கு மரம். மலை முதுகுல அங்கங்க காட்டுப்பூவரசு நிக்குது. சிவப்பா பூக்குமே, அதுதான். பட்டை தடிமன், லேசுல சாகாது. ஒவ்வொரு மரத்துலயும் எந்தப் பக்கம் கரி உசரமா ஏறியிருக்குன்னு பாத்து எழுதணும். மேடம் மரத்தைத் தொட்டுச் சொல்லுவாங்க, நான் நோட்டுல எழுதுவேன்.

எதுக்குன்னு கேட்டேன். வாய் சும்மா இருக்குமா? காத்தோட வர்ற தீ, மரத்து மேல மோதின பக்கத்துல கரி குறைச்சலா இருக்குமாம். மரத்தைச் சுத்திட்டுப் போய் அந்தாண்டப் பக்கத்துலதான் சுழிச்சு மேல ஏறுமாம். அதனால கிழக்குப் பக்கம் கரி உசரமா இருந்தா, தீ மேற்கேயிருந்து வந்துதுன்னு அர்த்தம். மரமே கையை நீட்டிக் காட்டிடும்.

மேற்கே இருக்கறது கோடு. கிழக்கே இருக்கறது ஈஞ்சுச் சரிவு.

முதல் மரம் கிழக்கு. ரெண்டாவது கிழக்கு. மூணாவதும் கிழக்கு. இருபது மரம் எழுதினோம். மத்தியானத்துக்கு மேல கை வலி, எழுத்து சரியா வரலை.

மார்ச் 12

அறுபத்திரண்டு மரமும் முடிஞ்சுது.

பொம்மண்ணன் கையெழுத்துப் போட்டுட்டு ஏறி வர்றப்போ வழியில பாத்தேன். இளைச்சுப் போயிட்டார். சௌக்கியமான்னு கேட்டேன். கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துது.

மார்ச் 13

மேடம் சாயங்காலம் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டு முகத்தைச் சுளிச்சாங்க. இருபத்தொம்பது கிழக்கு, இருபத்தொம்பது மேற்கு, நாலு மரம் சுத்திலும் கரி. இப்படி வரவே வராது, நான் சொன்னது பூராவும் கிழக்கு மாதிரியே ஞாபகம் இருக்கேன்னாங்க. காத்து சுத்தியிருக்கும்னு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. நோன்புக் களைப்புல நானே தப்பாச் சொல்லிட்டேனோன்னு தன் தலையிலயே குட்டிக்கிட்டாங்க.

சரி, இங்கயாவது எழுதிடறேன். அவங்க கிழக்குன்னு சொன்னதை நான் மேற்குன்னு எழுதினேன். ஒண்ணு விட்டு ஒண்ணு.

மார்ச் 14

பொம்மண்ணன் குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். உள்ள வாங்கன்னேன், வரலை. துண்டைக் கையில சுருட்டிக்கிட்டு நின்னார்.

"ரேஞ்சர் ஐயா ஒரு தாளைக் காட்டுனாரு. ஈஞ்சுக்கு வெச்ச தீ கைமீறிப் போச்சுன்னு எழுதியிருக்காம். திங்கக்கெழமக்குள்ள கையெழுத்துப் போட்டா கேஸு சின்னதா முடிஞ்சிருமாம், இல்லாட்டி உள்ள போகணுமாம். நான் வெச்சது பொங்கலுக்கு முந்தி, அது அன்னைக்கே அவிஞ்சுபோச்சு. ஆனா கார்டம்மா, எல்லாரும் சொல்லச் சொல்ல, எங்கயாச்சும் ஒரு கங்கு கனிஞ்சு கெடந்துச்சோன்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நீங்க படிச்சவங்க. போடவா?"

முப்பது வருஷம் தீயோட பழகின மனுஷன். தன் கை மேலயே சந்தேகம் வந்துடுச்சு. அதை வர வெச்சது நான்.

"போடாதீங்க"ன்னேன்.

"ஏன்?"

"நான் சொல்றேன்ல, போடாதீங்க."

அவ்வளவுதான் வந்துது. கதவைச் சாத்திட்டேன். சாத்திட்டு அடுப்படியில போய் உக்காந்து அழுதேன். அழுது என்ன பிரயோஜனம், அவர் அதுக்குள்ள பாதி தூரம் போயிருப்பார்.

மார்ச் 15

முழுசா எழுதறேன்.

பிப்ரவரி பதினொண்ணு. ரேஞ்சர் சார் போன் வந்தப்போ மணி பத்து. பனி எப்பவோ காஞ்சிடுச்சு. மறுநாள் காலைல எரிக்கலாம்னா ஆபீஸர் வந்து நிப்பார், கோடு பாதியில இருக்கும். ரெண்டு கூலிப் பொம்பளைங்களை வெச்சுக்கிட்டுப் பதினோரு மணிக்குத் தீ வெச்சேன். நல்லவேளை காத்து இல்லை. புல்லு எரிஞ்சு அடங்கிடுச்சு. ஆனா கோட்டுக்குக் குறுக்கே ஒரு பட்டுப்போன கட்டை கிடந்துது. எரிக்கிறதுக்கு முன்னாடி அதை உருட்டி வெளிய தள்ளணும். மூணு பேரும் முட்டிப் பாத்தோம், அசையலை. சரி கிடக்கட்டும்னு விட்டேன். எரிஞ்சு முடிஞ்சதும் ஒரு குடம் தண்ணியை அது மேல ஊத்தினேன். புகை நின்னுடுச்சு. கட்டைக்கு உள்ள என்ன இருந்துதுன்னு பாக்கலை. மூணு நாள் காவல் போகணும்னு தெரியும். பன்னண்டாம் தேதி கோழி அறுத்தேன். பதிமூணு ரேஷன். பதினாலு காத்து.

தீ ஆரம்பிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். அந்த இடத்துல கட்டை இல்லை, கட்டை வடிவத்துல வெள்ளைச் சாம்பல் மட்டும் இருந்துது. அதைக் காலாலத் தேச்சு விட்டேன்.

எழுதிட்டேன்.

காலைல மேடம்கிட்ட நோட்டைக் கொடுத்துச் சொன்னேன். தீயைப் பத்திச் சொன்னப்போ அமைதியாக் கேட்டாங்க. நோட்டைப் பத்திச் சொன்னதும் பாருங்க, அப்படி ஒரு கோவம். "என் கணக்குல கை வெச்சீங்களாக்கா? ரெண்டு வருஷமா இதுக்காக அலையறேன். நான் தப்புன்னு என்னையே நம்ப வெச்சுட்டீங்களே"ன்னாங்க. பொம்மண்ணனுக்குப் பண்ணின அதே வேலையை இவங்களுக்கும் பண்ணியிருக்கேன். மன்னிப்புக் கேட்டேன். அவங்க ஷூவை மாட்டினாங்க. "வாங்க, அறுபத்திரண்டையும் மறுபடி பாக்கணும். இந்தத் தடவை நான் எழுதறேன், நீங்க சொல்லுங்க"ன்னாங்க.

நான் மரத்தைத் தொட்டுச் சொன்னேன். கிழக்கு. கிழக்கு. கிழக்கு. அம்பத்தெட்டு மரம் கிழக்கு. நாலு மரம் வாட்டில் ஓரத்துல இருக்கறதால சுத்திலும் கருகிக் கிடக்கு.

மார்ச் 16

ரேஞ்சர்கிட்டப் போறதுக்கு முன்னாடி ஈஞ்சோடைக்குப் போனேன். அவருக்கு முதல்ல தெரியணும்.

பொம்மண்ணன் ஈஞ்சு ஓலையைக் கிழிச்சுட்டு இருந்தார். நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். ஓலை கிழிக்கிறதை நிறுத்தலை.

"கட்டைய உருட்டலையா?"

"உருட்டலை."

"சாம்பல்ல கை வெச்சுப் பாக்கலையா?"

"பாக்கலை."

ஓலையைக் கீழ போட்டார். எந்திரிச்சு உள்ள போயிட்டார். அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. அவர் சம்சாரம் செல்லிதான் பேசினாங்க. ஒரு மாசமா அந்த மனுஷன் தினம் அந்தச் சரிவுல போய் மண்ணைக் கிளறிக் கிளறிப் பாத்துட்டு வந்தாராம், எங்க கங்கு கிடந்துதுன்னு. "நீ அந்தப் பக்கமாத்தானே தெனமும் ரோந்து போற, பாக்கலையா"ன்னு கேட்டாங்க. பாத்திருக்கேன். பாத்துட்டு வேற வழியாப் போயிருக்கேன்.

மார்ச் 17

ரேஞ்சர் சார்கிட்ட நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கூடவே மேடம் கொடுத்த மரக் கணக்கு. படிச்சுட்டுக் கதவைச் சாத்தினார். உனக்கென்ன பைத்தியமாம்மா, சஸ்பென்ஷன் ஆகும், பொண்ணு காலேஜ் போற நேரம்னார். அப்புறம் குரலை இறக்கி, அந்தப் பத்து மணி போன் மட்டும் வேண்டாமேன்னார். அவரைப் பாத்தாலும் பாவமாத்தான் இருந்துது, அவருக்கு மேலயும் ஒரு போன் வந்திருக்கும். ஆனா பத்து மணிங்கிறது நடந்தது. அடிக்க மாட்டேன்னுட்டேன்.

வீட்டுக்காரர் போன்ல காட்டுக் கத்து கத்தினார். கத்தி முடிச்சுட்டு, சாப்பிட்டியான்னு கேட்டார். இல்லைன்னதும் அதுக்கும் கத்தினார்.

மார்ச் 24

பொம்மண்ணன் மேல இருந்த விசாரணை முடிஞ்சுது. இனிமே கையெழுத்துப் போட இறங்க வேண்டாம். எனக்கு மெமோ வந்திருக்கு. மேல என்னன்னு பெரிய ஆபீஸர் முடிவு பண்ணுவார். நேத்து வழியில பொம்மண்ணனைப் பாத்தேன். அவர் என்னைப் பாக்கலை. பாக்காம போக அவருக்கு எல்லா உரிமையும் இருக்கு.

மார்ச் 28

மேடம் கிளம்பிட்டாங்க, பெருநாளைக்கு வீட்டுக்குப் போகணும். குழாய் எல்லாத்தையும் துணியில சுத்தி, குழந்தையைத் தூக்குற மாதிரி ஜீப்புல வெச்சாங்க. பனி காலத்துல ஈஞ்சோடைக்காரங்க வெக்கிற லேசான தீயைத் தடுக்காம, முறைப்படுத்திப் பாக்கலாம்னு அறிக்கையில எழுதப் போறாங்களாம். அந்தச் சரிவுக்குக் கீழ இருக்கிற பள்ளத்துல அடி மண்ணுலயும் மெல்லிசுக் கோடுதான் இருக்காம், அங்க என்னைக்குமே பெரிய தீ வந்ததில்லையாம். போறப்போ கையைப் பிடிச்சு, "பூண்டைக் குறைங்கக்கா"ன்னாங்க.

ஏப்ரல் 19

மழை. ரெண்டு மணி நேரம் நின்னு பெஞ்சுது. கரி வாசமும் மண் வாசமும் கலந்து வந்துது. குடையை எடுக்காம வெளிய நின்னு நனைஞ்சேன், யாரு பாக்கப் போறா?

ஏப்ரல் 27

ஆத்தாடி, எங்கயிருந்துதான் வருதோ இந்தப் பச்சை! கருகின தூருக்கு நடுவுலயிருந்து புல்லு விரல் நீளத்துக்கு வந்திருக்கு. பேர் தெரியாத ஒரு ஊதாப்பூ, நாலு வருஷத்துல நான் ஒரு தடவைகூடப் பாக்காதது, மலை முதுகு பூரா பூத்துக் கிடக்கு. காட்டுப்பூவரசு அடித்தண்டுலயிருந்து துளிர் விடுது. எண்ணினேன், அறுபத்திரண்டுல அம்பத்தி மூணு துளிர்த்திருக்கு. சோலையில ஓர மரங்கள் போனது போனதுதான், ஆனா பத்தடி உள்ள போனா ஈரமும் குளிர்ச்சியும் அப்படியே இருக்கு.

கெட்ட சேதியும் இருக்கு. வாட்டில் விதை தீயில வெடிச்சு, ஆயிரம் ஆயிரமா முளைச்சிருக்கு. இப்பவே பிடுங்கலைன்னா அஞ்சு வருஷத்துல புல்லை மூடிடும். அப்புறம் அடுத்த தீ இதைவிடப் பெருசா வரும். நான் ஒத்தை ஆளாத் தினமும் போய்ப் பிடுங்கறேன். மழை ஈரத்துல லேசா வருது. இன்னைக்கு முந்நூத்துச் சொச்சம். முதுகு விட்டுப் போச்சு.

மே 2

பிடுங்கிட்டு இருந்தப்போ கிழக்குப் பக்கம் ஆள் சத்தம். ஈஞ்சோடையிலயிருந்து பத்துப் பன்னண்டு பேர் வந்து பிடுங்கிட்டு இருக்காங்க. யாரும் சொல்லி வரலை. பொம்மண்ணனும் இருந்தார். நான் மேற்கேயிருந்து, அவங்க கிழக்கேயிருந்து. நடுவுல பெரிய இடைவெளி விட்டே பிடுங்கினோம்.

மே 9

என்னைக் கீழ நாத்தங்காலுக்கு மாத்தப் போறாங்கன்னு பேச்சு. போனாப் போகுதுன்னு வீட்டுக்காரர் சொல்றார், திண்டுக்கல்லுக்குப் பக்கம்தானே. எனக்குப் போக மனசில்லை. கெடுத்தது நான், சரியாகறதைப் பாக்காம எப்படிப் போறது? ஆனா கேக்க எனக்கு வாய் இல்லை.

மே 14

இன்னைக்கு ஈஞ்சோடையில கிராம வனக்குழுக் கூட்டம். பெரிய ஆபீஸர் இந்தத் தடவை ஜீப்பை விட்டு இறங்கி வந்து பாயில உக்காந்தார். மேடத்தோட அறிக்கையைக் கையில வெச்சிருந்தார். வர்ற மார்கழி மாசம் ஈஞ்சுச் சரிவுல குழுவும் டிபார்ட்மெண்டும் சேர்ந்து பனித்தீ வெச்சுப் பாக்கலாம்னு சொன்னார். பொம்மண்ணனைக் காவலர் வேலைக்கு மறுபடி எடுக்க உத்தரவு போட்டாச்சு. கூட்டம் கைதட்டலை, ஏற்கெனவே பண்றதைப் பண்ணச் சொன்னதுக்கு யார் கைதட்டுவா.

அப்புறம் என் விஷயம். இந்தக் காப்பாளர் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா மாத்திடறேன், வேற ஆளைப் போடறேன், குழு என்ன சொல்லுதுன்னு கேட்டார். நான் கடைசியில சுவத்தோட ஒட்டி நின்னேன். எல்லாரும் பொம்மண்ணனைப் பாத்தாங்க. அவர் தரையையே பாத்துட்டு இருந்தார். இவர் போகச் சொன்னா போயிடணும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அவர் எந்திரிச்சார்.

"புது ஆளு வேணாங்கய்யா. புதுசா வர்றவங்களுக்கு எந்தக் கட்டை உள்ளுக்குள்ள கனியும், எது கனியாதுன்னு மொதல்ல இருந்து சொல்லணும். சொன்னாலும் கேக்க மாட்டாங்க, ஒருதடவ எரிச்சாத்தான் புத்தி வரும். இந்தம்மா எரிச்சு முடிச்சிருச்சு. இதுவே இருக்கட்டும்."

ஆபீஸர் சிரிச்சுட்டார். கூட்டமும் சிரிச்சுது. பொம்மண்ணன் சிரிக்கலை, நானும் சிரிக்கலை. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துது, திரும்பி நின்னுட்டேன்.

மெமோ என் சர்வீஸ் புக்குல ஏறிடுச்சு, அது அழியாது. அது இருக்கட்டும். நான் இங்கதான் இருக்கேன்.

கூட்டம் கலைஞ்சப்போ பக்கத்துல வந்தார். ரெண்டு மாசத்துல முதல் தடவையா என் முகத்தைப் பாத்துப் பேசினார். மேற்கு ஓரத்துல வாட்டில் கன்னு இன்னும் நிறைய நிக்குது, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடணும்னார். சரிண்ணேன்னேன்.

"சாப்பாடு கட்டிக்கிட்டு வாங்க. எங்களதுல பங்கு கெடையாது."

அரிசி ஊறப் போட்டிருக்கேன். அஞ்சு மணிக்கு எந்திரிச்சாத்தான் சரியா இருக்கும்.